சிகாமணிப் பூண்டு

அதைப் பறிச்சுட்டீங்களா? பறிச்சது பறிச்சீங்க, மோந்து மட்டும் பாத்துடாதீங்க. மூக்குக்குள்ள அரிப்பு எடுத்துச்சுன்னா மலை ஏறி முடியற வரைக்கும் தும்மிக்கிட்டே போகணும். கீழே போட்டுருங்க. கையை நல்லாத் தொடச்சுக்குங்க.

பேரா? பேரு சிகாமணிங்க. இந்த மலையில எந்த எருமைக்காரரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, சிகாமணிப் பூண்டுன்னு. என் பேரும் அதுதான். தெய்வசிகாமணி. மேலே கல்லூத்துமலை சர்க்கார் தோட்டத்துல ரைட்டரா இருக்கேன். இல்லீங்க, ரெண்டுக்கும் ஒரே பேரு அமைஞ்சது தற்செயல் இல்லீங்க. என் பேரைத்தான் செடிக்கு வச்சிருக்காங்க. சிரிப்பு வருதுங்களா? சிரிங்க, தப்பில்லை. என் பொண்டாட்டி மூணு நாள் சிரிச்சா.

உங்க வண்டிக் குதிரைக்கு லாடம் அடிச்சு முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த லாயத்து ஆளை எனக்குத் தெரியும், பேச்சுக் குடுத்தா ஆணியைக் கையில வச்சுக்கிட்டே நிப்பான். நானும் இங்க காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க பிராம்லி தொரை இன்னிக்கு சீமைக்குக் கிளம்பறாரு. மேலே இருந்து வர்ற அவரு வண்டி இங்கதான் குதிரை மாத்தும். மாலையைப் போட்டு அனுப்பி வைக்கலாம்னு குறுக்குப் பாதையில நடந்து முன்னாடியே வந்துட்டேன். தோட்டத்துலயே போட்டிருக்கலாமேங்கறீங்களா? எல்லாரும் அங்கதான் போட்டாங்க. எனக்கு அவருகிட்ட தனியா ஒரு விசயம் சொல்லணும். மூணு வருசமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். இன்னிக்கு விட்டா அவரு கப்பலேறிருவாரு. எங்க தோட்டத்துல மாராத்தான்னு ஒரு பொம்பளை மண்ணு சுமந்துக்கிட்டு இருந்தா, அவளைப் பத்தின விசயம். அது கிடக்கட்டும். பூண்டுக் கதையைக் கேளுங்க.

எனக்கு வேலை பேரு எழுதறதுங்க. தோட்டத்துல ஒவ்வொரு செடிக்கு முன்னாலயும் ஒரு ஈயத் தகடு குத்தி வச்சிருப்பாங்க. அதுல லத்தீன்ல பேரு இருக்கும். எனக்கு லத்தீன் தெரியுமான்னு கேட்டுடாதீங்க. தொரை எழுதிக் குடுப்பாரு, நான் பாத்து அச்சு மாதிரி எழுதுவேன். ஆனா பத்து வருசம் எழுதினா ஒரு மெதப்பு வந்துருது பாருங்க. வீட்டுல கீரை கடைஞ்சு வச்சா, 'இது அமராந்தஸ்'ம்பேன். பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒரு நாள் மட்டும், 'இன்னும் ரெண்டு கரண்டி அமராந்தஸ் போடட்டுங்களா, இல்லை வயிறு ரொம்பிருச்சா'ன்னு கேட்டா. அது கிண்டல்னு எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது.

அந்தத் தகடுங்களைப் படிச்சீங்கன்னா பாதிக்கு மேல மனுசங்க பேருதாங்க. ஒரு கேப்டன், ஒரு டாக்டர், ஒரு பாதிரியார். யாரோ ஒரு கலெக்டரோட மாமியாருக்குக் கூட எங்க தோட்டத்துல ஒரு கொடி இருக்கு. முள்ளுக்கொடி. அவங்களை நல்லாத் தெரிஞ்ச யாரோதான் பேரு வச்சிருக்கணும். இப்படி ஆயிரம் பேரு பேரை நான் எழுதினேன். ஒரு நாள் தகடுங்களைத் தொடச்சுக்கிட்டே வர்றேன், திடீர்னு தோணிச்சு. இத்தனை பேருல நம்ம ஆளு ஒருத்தர் இல்லையே! காட்டுல அந்தச் செடியைத் தோண்டித் தோள்ல சுமந்துக்கிட்டு வந்தவன் பேரு இல்லை. தண்ணி ஊத்தறவ பேரு இல்லை. எழுதறவன் பேரும் இல்லை. முதல் ரெண்டு பேரைப் பத்தி நான் அவ்வளவா வருத்தப்படலீங்க, உள்ளதைச் சொல்றேன். எழுதறவன் பேரு இல்லையேங்கறதுதான் உறுத்திச்சு.

இருங்க, பெட்டியைப் பத்திச் சொல்லாம விட்டா மேற்கொண்டு புரியாது. சீமையில ஒரு பெரிய தோட்டம் இருக்கு. இங்கத்துச் செடி அங்க போகும், அங்கத்துச் செடி இங்க வரும். கப்பல்ல நாலு மாசம். சும்மா வச்சு அனுப்பினா உப்புக் காத்துல கருகிப் போயிரும். அதுக்குன்னு ஒரு பெட்டி பண்ணியிருக்காங்க. சின்ன வீடு மாதிரி இருக்கும், கூரை மட்டும் கண்ணாடி. உள்ளே மண்ணைப் போட்டு, செடியை நட்டு, ஒரே ஒரு தடவை தண்ணி ஊத்தி, சந்தெல்லாம் மக்கு வச்சு அடைச்சுருவோம். உள்ளே இருக்கிற ஈரமே மேலே போயி மறுக்கா மழையா விழும். கப்பல்காரன் தண்ணி ஊத்த வேண்டியதில்லை, அவன் மேல படுத்துத் தூங்காம இருந்தாப் போதும். ஒரு பெட்டி வந்துச்சுன்னா, அதே பெட்டியில நாமளும் ஏதாவது வச்சுத்தான் திருப்பி அனுப்பணும். பக்கத்து வீட்டுலேருந்து கொழம்பு வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாத் திருப்பிக் குடுப்பமா? அந்த மரியாதைதான்.

வந்த பெட்டியில இருக்கிற மண்ணைப் பத்தி எங்க தொரை ஒரு உத்தரவு போட்டிருந்தாரு. ஒரு கைப்பிடி கூட அப்படியே வெளியே போகக் கூடாது. இரும்புத் தகட்டுல பரப்பி, அடியில தீ மூட்டி, வறுத்துத்தான் கொட்டணும். எந்த ஊரு புழு இருக்கோ, எந்த ஊரு வெதை இருக்கோ, யாருக்குத் தெரியும். அதைக் கிட்ட நின்னு பாத்து, புஸ்தகத்துல 'வறுத்தாச்சு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடறது என் வேலை.

ஒரு ஆடி மாசம் ஒரு பெட்டி வந்துச்சுங்க. தொறந்தா எல்லாம் செத்துக் கெடக்கு. கண்ணாடி ஒடஞ்சு கடல் தண்ணி உள்ளே போயிருக்கு. வெளியில பதினோரு நாளா விடாத மழை. வெறகுக் கட்டைப் புழிஞ்சா தண்ணி வரும், அந்த நெலமை. நான் கம்பளியைப் போத்திக்கிட்டு கொட்டாயில நிக்கறேன். மாராத்தா கூடையோட வந்து, 'ஐயா, இந்த மண்ணை என்ன பண்றதுங்க?'ன்னா. 'பின்னாடிப் பள்ளத்துல கொட்டு'ன்னேன். 'வறுக்கலீங்களே'ன்னா. 'ஏன், கடலையா அது, வறுத்துத் திங்கறதுக்கு? செடியே செத்துப் போச்சு, மண்ணுல என்ன இருக்கும்? கொட்டிட்டு வா'ன்னேன். கொட்டிட்டு வந்தா. நான் உள்ளே போயி 'வறுத்தாச்சு'ன்னு எழுதி, கையெழுத்தைப் போட்டு, மை காயட்டும்னு அதை ஊதி வேற விட்டேன்.

அப்பறம் அஞ்சு வருசம் எனக்கு அந்த மண்ணு ஞாபகமே வரலீங்க.

அஞ்சாவது வருசம் சீமையிலேருந்து ஒரு கடுதாசி. 'உங்க பெட்டியில பாத்ததையே பாத்துக்கிட்டு இருக்கோம், புதுசா ஒண்ணும் கிடைக்கலையா'ன்னு. தொரைக்கு மூஞ்சி சிவந்து போச்சு. எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, 'யாரும் இதுவரைக்கும் எழுதி வைக்காத புதுச் செடி ஒண்ணை எவன் கொண்டாந்தாலும் சரி, அதுக்கு அவன் பேரையே வைக்கச் சொல்லி சீமைக்கு எழுதறேன்'னாரு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து காடு மேடெல்லாம் அலைஞ்சேன். அட்டை கடிச்சுக் காலெல்லாம் ரத்தம். முதல்ல ஒரு எலையைக் கொண்டு போனேன். பச்சை எலையில வெள்ளை வெள்ளையாப் புள்ளி, அப்படி ஒரு அழகு. தொரை கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தாரு. 'சிகாமணி, இது பறவை எச்சம்'னாரு. தொடச்சும் காட்டினாரு. ரெண்டாந்தரம் ஒரு கிழங்கு. அது கேரட்டாம். தொரை வீட்டுக் கொல்லையிலேருந்து வெதை பறந்து காட்டுல முளைச்சது. வேற யாரா இருந்தாலும் அதோட விட்டிருப்பான்.

மூணாவதா கண்டேனுங்க இதை. நீங்க பறிச்சீங்களே, இதேதான். பள்ளத்துக்குக் கீழே அரை மைல்ல, ஓடைக் கரையில மஞ்ச மஞ்சேர்னு. எலையில ரோமம், பூ பொத்தானாட்டம், வெதையில பஞ்சு. புஸ்தகம் மூணையும் பொரட்டினேன், இல்லை. தொரைக்கும் தெரியலை. அவரு பொறந்தது வளந்தது எல்லாம் இந்தத் தேசத்துலதான், மரம்னா உசுரு, இந்த மாதிரிப் பூண்டையெல்லாம் குனிஞ்சு பாக்கவே மாட்டாரு. அப்பவும் ஒரு எச்சரிக்கைக்கு எருமைக்காரங்ககிட்ட போயிக் கேட்டேன். அவங்களுக்குத் தெரியாத புல்லு இந்த மலையில கிடையாது. அவங்கள்ல பெரியவரு ஒருத்தரு கையில வாங்கிப் பாத்துட்டு, 'இது எங்க அப்பன் பாட்டன் பாத்ததில்லீங்க, எங்ககிட்ட இதுக்குப் பேரே இல்லீங்க'ன்னாரு.

நான் என்ன நெனைக்கணும்? இங்க பொறந்து வளந்த மனுசன் பாத்ததில்லேன்னா, அது இங்கத்துது இல்லேன்னுதானே நெனைக்கணும்? நான் நெனைச்சேன், ஆகா, புதுசுன்னு. அங்கேருந்து தோட்டம் வரைக்கும் என் கால் தரையில பட்டுச்சான்னே தெரியலைங்க.

மாராத்தா அப்பவே சொன்னா. நான் தொட்டியில வச்சு ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கேன், அவ எட்டிப் பாத்துட்டு, 'ஐயா, இது அந்த ஆடி மழையில வந்த பெட்டி மண்ணுல இருந்ததுங்க. நான் கொட்டின எடத்துல மொதல்ல ரெண்டு முளைச்சுது. அப்பறம் தண்ணி போன வழியிலயே எறங்கிப் போச்சு'ன்னா. நான் எல்லாரு முன்னாலயும் சத்தமாச் சிரிச்சேன். 'உனக்கு லத்தீன் படிக்கத் தெரியுமா மாராத்தா?'ன்னேன். அவ கூடையை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டே, 'எனக்கு எதுவும் படிக்கத் தெரியாதுங்க. கொட்டினது தெரியும்'னா.

பொறாமைன்னு நெனைச்சேனுங்க. மண்ணு சுமக்கறவளுக்கு என் மேல பொறாமை! என்னை என்ன சொல்றது.

சரி, அந்த ஒரு வருசம் நான் போட்ட ஆட்டம் இருக்கே. ஒரு செடி போதாதுன்னு நாப்பது தொட்டியில போட்டேன். எங்க தோட்டத்துல ரோசாவுக்குக் கிடைக்காத எரு இதுக்குக் கிடைச்சுது. பெட்டிக்கு நானே பாத்துப் பாத்து நல்ல செடியா ஆறு எடுத்து நட்டு, மக்கு வச்சு அடைச்சேன். தாளுக்கு நடுவுல வச்சு அப்பளமாட்டம் அழுத்திக் காய வச்ச செடி ஒண்ணு தனியா. தொரை கடுதாசி எழுதினாரு. தெய்வசிகாமணின்னு முழுசா வச்சா தகட்டுல எடம் பத்தாது, சிகாமணி போதும்னாரு. தெய்வம் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். என் மாமனாருக்கு ஆள் விட்டு, அவரு தாராபுரத்துலேருந்து வண்டி கட்டிக்கிட்டு வந்து, அந்த நாப்பது தொட்டியையும் சுத்திச் சுத்திப் பாத்தாரு. 'மாப்பிள்ளை, இதுல காய் கீய் ஏதாவது காய்க்குங்களா?'ன்னு கேட்டாரு. 'காய்க்காதுங்க மாமா, பேருக்குத்தான்'னேன். பதில் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல பலகாரம் சுட்டுத் தெருவுக்கெல்லாம் குடுத்தாச்சு. பொண்டாட்டி மட்டும் ஒரு கேள்வி கேட்டா. 'செடிக்கு உங்க பேரை வச்சாச்சு. நாளைக்கு அதை ஒரு எருமை தின்னுட்டா நான் என்ன பண்றது?'ன்னு. நான் அவகூட ஒரு வாரம் பேசலை.

பதினோரு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சுங்க.

தொரை என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாரு. நான் புதுத் தலைப்பாகை கட்டிக்கிட்டுப் போனேன். அவரு கடுதாசியைப் படிச்சுச் சொன்னாரு. ரொம்ப மரியாதையான கடுதாசி, அதுதான் தாங்கலை. 'நீங்க அன்போட அனுப்பின ஆறு செடியும் சுகமா வந்து சேந்துச்சு. இது எங்களுக்குப் பழக்கமான செடிதான். எங்கேயோ தூர தேசத்துலேருந்து ஒரு காலத்துல கொண்டாந்தது, எங்க தோட்டத்துலேருந்து தப்பிச்சு ஓடி, இப்ப எங்க வடக்குக் கேட்டுச் சுவத்துலயும் கரிக்குப்பையிலயும் முளைக்குது. பிடுங்கறதுக்குன்னே ஆள் வச்சிருக்கோம். இதை இவ்வளவு சிரமப்பட்டு எங்களுக்கே திருப்பி அனுப்பினதுக்கு நன்றி. வேடிக்கைக்குத்தான் அனுப்பினீங்களா?'ன்னு முடிச்சிருந்தாங்க.

கிண்ணத்துல கொழம்பு குடுத்தவங்களுக்கு, அதே கொழம்புல விழுந்த ஈயை எடுத்து நான் பதில் மரியாதை பண்ணியிருக்கேன்.

தொரை சிரிக்கலை. அலமாரியிலேருந்து அந்தப் பழைய புஸ்தகத்தை எடுத்தாரு. 'வறுத்தாச்சு'ன்னு போட்டிருக்கு, கீழே என் கையெழுத்து, அவ்வளவு அழகா. 'வறுத்த மண்ணுல முளைக்காது, சிகாமணி. இதை வறுக்காமக் கொட்டினது யாரு?'ன்னாரு.

நான் ஒரு மூச்சு இழுத்து விடற நேரம்தான் யோசிச்சிருப்பேன். 'மாராத்தாங்க தொரை'ன்னேன்.

பொய் இல்லீங்களே? அவதானே கொட்டினா? என் வாயால ஒரு பொய்யும் சொல்லலை. அன்னிக்குச் சாயங்காலமே அவளை நிறுத்திட்டாங்க. தோட்டத்து லைன்ல குடியிருந்த வீடும் போச்சு. சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு என் ஜன்னலைத் தாண்டித்தான் போனா. நான் தகடு எழுதிக்கிட்டு இருந்தேன். ரொம்ப மும்முரமா எழுதிக்கிட்டு இருந்தேன். அது கிடக்கட்டும்.

பூண்டு என்ன ஆச்சுன்னு கேளுங்க. நாப்பது தொட்டி வச்சேனில்ல, எரு போட்டு? கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே அது பூத்து, பஞ்சு வெடிச்சு, கார்த்திகைக் காத்துல கெளம்பிருச்சு. ஓடைக்கரையில தேமேன்னு கெடந்ததை மலைக்கெல்லாம் அனுப்பி வச்சது நான்தான். ரெண்டு வருசத்துல மேய்ச்சக்காடு பூரா மஞ்சள். புல்லு மேல வர முடியலை. எருமை தின்னா பால் கசந்து போகுது. ஒரு நாள் சந்தையில பால்காரம்மாகிட்ட ஒருத்தர் சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு, பால் ஏன் இப்படிக் கசக்குதுன்னு. அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டு, 'நான் என்னங்க பண்றது, சிகாமணி புகுந்து கெடுத்துட்டான்'னா!

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் எப்ப அந்தம்மா வீட்டுல புகுந்தேன்? கூட இருந்தவ என் பொண்டாட்டி. அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது பூண்டைச் சொல்றாங்கன்னு. அந்த மூணு நாள் சிரிப்பு அதுக்குத்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், தப்பா நெனைக்காதீங்க. உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. போன வருசம் சர்க்கார்ல நோட்டீஸ் போட்டாங்க, இந்தப் பூண்டை எங்க பாத்தாலும் பிடுங்கணும்னு. அதுல 'இவ்விடத்தார் சிகாமணி என்பர்'னு அச்சுல போட்டிருந்துச்சு. ஒரு நோட்டீஸை மடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்து பெட்டியில வச்சிருக்கேன். அசடுன்னா இப்படி ஒரு அசடு உண்டுங்களா?

பேரு வச்சது யாருன்னுதான் தெரியலை. தொரையா இருக்கும்னு நெனைச்சேன். போன மாசம் தற்செயலாத் தெரிஞ்சுது. மேய்ச்சக்காட்டுப் பக்கம் போனேன். முப்பது பொம்பளைங்க வரிசையா உக்காந்து பூண்டு பிடுங்கறாங்க. 'சிகாமணியை வேரோட பிடுங்கு, தலையை மட்டும் கிள்ளாதே'ன்னு ஒரு குரல். மாராத்தா. நோட்டீஸ் போட்டதிலேருந்து இதுதான் அவளுக்குப் பொழப்பாம். கையைப் பாத்தேன். முழங்கை வரைக்கும் தடிச்சு, வெடிச்சு, சொறிஞ்ச எடமெல்லாம் புண்ணு. இதோட ரோமம் பட்டா அப்படித்தான் ஆகும். ஒரு நாளு பட்டாலே நமக்கு அரிக்குது. அவ ஒரு வருசமாத் தெனமும் பிடுங்கறா.

ஆனா வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? 'ஏன் மாராத்தா, இதுக்கு என் பேரை வச்சது நீயா?'ன்னுதான் வந்துச்சு. கோவமாத்தான் கேட்டேன்.

அவ வேலையை நிறுத்தலை. 'நான் எங்கீங்க வச்சேன்? எருமைக்காரங்க எட்டு ஊருலேருந்தும் வந்து கேட்டாங்க, இது எப்படி வந்துச்சு, கொண்டாந்து விட்டது யாருன்னு. தொரை உங்களைக் கேட்டப்ப நீங்க ஒரு பேரைச் சொன்னீங்க. என்னைக் கேட்டப்ப நானும் ஒரு பேரைச் சொன்னேன். அவ்வளவுதானுங்க ஐயா'ன்னா. சொல்லிட்டு அடுத்த செடிக்கு நகந்துட்டா.

அன்னியிலேருந்து எனக்கு மனசு சரியில்லீங்க. ரெண்டு தடவை தொரை ரூம் வாசல் வரைக்கும் போனேன். மொத தடவை, 'என்ன சிகாமணி?'ன்னாரு, 'மழை வரும் போலிருக்குங்க'ன்னுட்டு வந்துட்டேன். ரெண்டாந்தடவை, 'மழை விட்டுருச்சுங்க'ன்னுட்டு வந்துட்டேன். இன்னிக்காவது...

அதோ, மணிச் சத்தம் கேக்குதுங்களா? அவரு வண்டிதான். இந்தத் துண்டைச் சித்தெ புடிங்க. தலைப்பாகை நேரா இருக்குங்களா? வந்துடறேன்.

போயிட்டாருங்க.

சொல்லிட்டேன். நெசமாத்தாங்க, ஒரே மூச்சுல சொல்லிட்டேன், மழையைப் பத்திப் பேச்சே எடுக்கலை. சித்தெ உக்காந்துக்கறேன்.

என்ன சொன்னாரா? மாலையைக் கழட்டி வண்டிக்காரன்கிட்ட குடுத்துக்கிட்டே, 'எனக்குத் தெரியும் சிகாமணி'ன்னாரு. 'அந்தப் பதினோரு நாள் மழையில நானும்தானே இருந்தேன். அதுல நெருப்பு எப்படிப் பத்தும்? அன்னிக்கு ஆபீஸ் ரூம்ல உன் மூஞ்சியைப் பாத்தப்பவே தெரியும்'னாரு.

'பின்னே அவளை ஏன் தொரை நிறுத்தினீங்க?'ன்னேன்.

'யாரையாவது நிறுத்தினதா நான் சீமைக்கு எழுதணுமே. மண்ணு சுமக்க ஆளு இந்த மலையில எங்கேயும் கிடைக்கும். ரைட்டர் வேணும்னா மெட்ராசுக்கு எழுதிப் போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும்'னாரு. கொடுமையாச் சொல்லலீங்க. குடையை எடுத்து வச்சாச்சான்னு கேக்கற மாதிரி, அவ்வளவு சாதாரணமாச் சொன்னாரு.

அவளைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடுங்க தொரைன்னு கெஞ்சினேன். 'நேத்தோட என் அதிகாரம் முடிஞ்சுது. திங்கக்கிழமை புதுத் தொரை வர்றாரு. நீ எழுது. எழுதறதுதானே உன் வேலை'ன்னாரு. குதிரை மாத்தியாச்சு, போயிட்டாரு.

பாருங்க இந்தக் கூத்தை. தொரைக்குத் தெரியும். மாராத்தாளுக்குத் தெரியும். எருமைக்காரங்க எட்டு ஊருக்கும் தெரியும். நான் ஒருத்தன்தான் மூணு வருசமா யாருக்கும் தெரியாதுன்னு பொத்திப் பொத்தி வச்சுக்கிட்டு, சோறு திங்காம எளைச்சுப் போயிருக்கேன்.

உங்ககிட்ட காகிதம் இருக்குங்களா? அந்தப் பெட்டிக்கு அடியில விரிச்சிருக்கீங்களே, அது போதும். பென்சில் என்கிட்ட இருக்கு. இங்கிலீசுலதான் எழுதணும், சித்தெ பொறுங்க.

ம். தமிழ்ல சொன்னா இப்படி வரும்: 'மண்ணை வறுக்கவில்லை. வறுக்காமல் கொட்டச் சொன்னது நான். வறுத்ததாக எழுதியதும் நான். மாராத்தா வறுக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளக் கோருகிறேன்.' இதுக்கு மேல ஏதாவது சேக்கணுங்களா? அன்னிக்கு மழைன்னு ஒரு வரி சேக்கலாம்னு பாக்கறேன். வேண்டாங்களா? சரி, வேண்டாம்.

கீழே தெய்வசிகாமணின்னு முழுசாப் போட்டுட்டேன். பாருங்க, படிக்க முடியுதுங்களா? மடியில வச்சு எழுதினதுல கொஞ்சம் கோணிப் போச்சு.

புது ஆளு வந்து இதைப் படிச்சா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாரு, அது தெரிஞ்சதுதான். உங்க குதிரை தயாராயிருச்சு போல, லாயத்து ஆளு கையைக் காட்டறான். நீங்க மேலேதானே போறீங்க? இதை நீங்களே திங்கக்கிழமை தோட்டத்து ஆபீசுல குடுத்துருங்க. உங்களுக்குச் சிரமம்தான், தெரியுது. ஆனா இது என் கையில இருந்தா போய்ச் சேராதுங்க. என்னை எனக்குத் தெரியும். எடுத்துக்கிட்டு ஏறுங்க, சீக்கிரம், நான் திருப்பிக் கேக்கறதுக்குள்ள.